ரெண்டாவது சாவி

அவருக்கு நாலுவிரல் என்று பேர் வந்தபோது கையில் அஞ்சு விரலும் பத்திரமாக இருந்தன. பழைய பெரிய கார் வாங்குகிறவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வருவார், வண்டியை அரை மணி நேரம் சும்மா நிற்க வைப்பார், அப்புறம் டயருக்கும் அதற்கு மேலே வளைந்து நிற்கிற தகட்டுக்கும் நடுவில் கையை நுழைத்து அளப்பார். நாலு விரல் அடுக்கி நுழைந்தால் சரி. மூன்றுதான் நுழைகிறது என்றால் அந்தப் பக்கத்துக் காற்றுப் பை ஓட்டை. இந்தச் சொகுசு வண்டிகளுக்குக் கீழே இரும்புச் சுருள் கிடையாது, ரப்பர் பையில் அடைத்த காற்றுதான் ரெண்டு டன் உடம்பைத் தூக்கிப் பிடிக்கிறது. பத்து வருஷத்தில் ரப்பர் வெடிக்கும், காற்று கசியும். கசிந்ததை நிரப்பி நிரப்பிக் காற்றடிக்கிற கம்ப்ரஸர் தீய்ந்து போகும். வண்டி பாதி விலைக்குக் கிடைக்கும், உதிரி பாகம் மட்டும் முழு விலைக்குத்தான் கிடைக்கும். வாங்கினவன் தலையில் துண்டுதான்.

அளப்பதற்கு முன்னால் இன்னும் பத்து வேலை பார்ப்பார். பானெட்டில் கை வைத்துச் சூடாக இருந்தால் திரும்பிப் போய்விடுவார், ஏனென்றால் குளிர்ந்த எஞ்சின்தான் முதல் மூன்று நொடியில் உண்மையைக் கக்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்ப்பார். வெள்ளத்தில் முழுகிய வண்டி என்றால் அந்த நுனியில் சேறு ஒட்டியிருக்கும், அதை மட்டும் எவனும் கழுவ மாட்டான். அப்புறம் ஒரு கேள்வி கேட்பார்: "ரெண்டாவது சாவி எங்கே?" ரெண்டு சாவியையும் வாங்கி வண்டிக்கு எட்டாத தூரத்தில் வைக்காமல் சக்கரத்துக்குள் கையை விட மாட்டார். சாவி பக்கத்தில் இருந்தாலே இந்த வண்டிகள் முழித்துக்கொள்ளும். முழித்துக்கொண்டால், சாமான் ஏற்றுவதற்காக டிக்கிக்குள் வைத்திருக்கிற பொத்தானை ஒரு தட்டுத் தட்டினால் போதும், பின்பக்கம் சர்ரென்று தரைக்கு இறங்கும். நடுவில் கை இருந்தால் வண்டிக்கு என்ன தெரியப் போகிறது?

மனுஷனுக்குப் பொய் வராது. கோபம் வரும், கெட்ட வார்த்தை வரும், கை வரும். பொய் மட்டும் வரவே வராது. வண்டி சொத்தை என்றால் விற்கிறவன் மூஞ்சிக்கு நேரே சொல்லுவார், அவன் முறைத்தால் காலரைப் பிடிப்பார். ரெண்டு தடவை மண்டை உடைந்திருக்கிறது, ஒரு தடவை முன்பல் போயிருக்கிறது. அத்தனையும் தொழிலில் வாங்கியது.

அவர் கொடுத்ததிலேயே பெரிய அடி மச்சானுக்குக் கொடுத்தது. மனைவியின் ஒரே தம்பி. பெரிய ரோட்டில் பழைய கார் விற்கிற முற்றம் வைத்திருந்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு அம்மாவுக்கு வண்டி பார்த்துச் சொல்ல அங்கே போனார். மீட்டரில் ஓடின தூரம் கொஞ்சமாகக் காட்டியது, பிரேக் மிதியின் ரப்பரோ வழுவழுவென்று தேய்ந்து கிடந்தது.

"மீட்டரைத் திருப்பியிருக்கான்மா. சொந்த மச்சான்தான், அதுக்காக நான் பொய் சொல்ல முடியாது."

"வீட்டுச் சோத்துக்கு வழியில்லாதவன் அடுத்தவன் பிழைப்புல மண்ணைப் போடாதய்யா!" என்று கத்திக்கொண்டே மச்சான் அவர் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். கீழே கிடந்த வீல் ஸ்பேனர் எப்படி அவர் கைக்கு வந்ததென்று அவருக்கே தெரியாது. தோள் எலும்பு முறிகிற சத்தம் ரோடு வரைக்கும் கேட்டதாம். அன்றோடு பேச்சுவார்த்தை போயிற்று.

நல்லது கெட்டது எதற்கும் அந்தப் பக்கம் போக முடியாமல் மனைவி ஆறு வருஷமாகக் குமைந்துகொண்டிருந்தாள். அப்போதுதான் ஒரு டிரைவர் அண்ணன் வந்து சேர்ந்தார். முப்பது வருஷமாக அடுத்தவர்களின் பெரிய வண்டிகளை ஓட்டிய மனுஷன். இன்னும் ரெண்டு மாதத்தில் வேலையை விடப் போகிறார். கைக்கு வரப் போவது அத்தனையையும் போட்டு ஒரு வண்டி வாங்கவேண்டும். அவர் ஆசைப்பட்ட கறுப்பு வண்டி நின்றது மச்சானின் முற்றத்தில்.

"வேற எங்கயாவது பாருங்க அண்ணே. அங்க நான் வர முடியாது."

"முப்பது வருஷம் இந்த மாதிரி வண்டிக்குக் கதவைத் திறந்து விட்டவன் தம்பி நான். ஒரே ஒரு தடவை என் பொண்டாட்டிக்குத் திறந்து விடணும். நீங்க நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், கண்ணை மூடிட்டு வாங்கிடுவேன்."

இதைக் கதவோரம் நின்று கேட்ட மனைவி, அண்ணன் போனதும் இவரைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, போங்க. அவனே நேத்து போன் பண்ணினான், மாமாவை வரச் சொல்லுக்கான்னான். ஆறு வருஷம் கழிச்சு அவன் வாயில மாமாங்கிற வார்த்தை வந்திருக்கு. எனக்காகப் போங்க. கையை மட்டும் நீட்டாதீங்க."

போனார். காலை பத்து மணி, நல்ல வெயில். மச்சான் வாசலிலேயே நின்று "வாங்க மாமா" என்றான். ஒரு தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. டிரைவர் அண்ணனைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, முன்னால் விற்பனைப் பேப்பரை வைத்துக் கையில் டீயைக் கொடுத்தான். சாவியைத் தானாகவே நீட்டினான்.

"ரெண்டாவது சாவி?"

"தொலைஞ்சு போச்சு மாமா. முதல் ஓனர்கிட்டேயே இல்லையாம்."

வேறு எவனாக இருந்தாலும் அந்த இடத்திலேயே நடையைக் கட்டியிருப்பார். அன்றைக்கு அவர் காதில் மனைவியின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. ஆறு வருஷம் கழித்து மாமா என்று கூப்பிட்டவனிடம் போய் அவன் சட்டைப் பையைக் காட்டச் சொல்வதா? சரி விடு என்று விட்டார். இருபது வருஷத் தொழிலில் அப்படி விட்டது அந்த ஒரு தடவைதான்.

எஞ்சின் சுத்தம். பெல்ட் நுனி சுத்தம். டிக்கியில் ஜாக்கி இல்லை, அதைக் குறித்துக்கொண்டார். சாவியைத் தள்ளி வாசல் பக்கம் வைத்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து அளந்தார். முன்னால் ரெண்டு பக்கமும் நாலு விரல். பின்னால் வலது பக்கம் நாலு. இடது பக்கம் மூன்று.

"பின்னாடி இடது பை போயிடுச்சு மச்சான். கம்ப்ரஸரும் போயிருக்கும். மாத்திக் கொடு, இல்ல விலையைக் குறை. நான் அவர்கிட்ட சொல்லியாகணும்."

"தரை மேடு பள்ளமா இருக்கும் மாமா. இன்னொரு தடவை அளந்து பாருங்க."

மச்சான் சாதாரணமாகத்தான் சொன்னான். டிக்கி திறந்தே இருந்தது, அவன் அதன் பக்கத்தில் நின்றான். அவர் குனிந்து மறுபடியும் கையை நுழைத்தார். உஸ்ஸென்று ஒரு சத்தம். கையை உருவிக்கொள்ள வேண்டும் என்று மூளைக்கு எட்டுவதற்குள் வண்டியின் பின்பக்கம் மொத்தமும் இறங்கிவிட்டது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தப்பின. மற்ற மூன்றையும் தகட்டின் விளிம்பு டயரோடு சேர்த்துக் கவ்விக்கொண்டது. கண்ணில் பொறி பறந்தது, கத்துவதற்கு மூச்சு வரவில்லை.

மச்சான் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். உள்ளங்கையில் அந்த ரெண்டாவது சாவி இருந்தது.

"ஆறு வருஷமா மழை வந்தா எனக்குத் தோள் வலிக்குது மாமா. ராத்திரி அந்தப் பக்கம் புரண்டு படுக்க முடியல. கேட்டீங்களா ஒரு வார்த்தை?"

"டேய்... எடுடா... உன்னைக் கொன்னுடுவேன்டா!"

"அப்புறம் கொல்லலாம். இப்போ வண்டி நல்லா இருக்குன்னு சொல்லுங்க. அந்த ரூம் வரைக்கும் கேக்கணும். வேற ஒரு வார்த்தை கத்தினாலும் வண்டியைத் தூக்க மாட்டேன்."

அவர் மற்றக் கையால் எட்டி மச்சானின் கழுத்தைப் பிடித்தார். அவன் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விட்டு அவர் கன்னத்தில் ஒன்று விட்டான். உதடு கிழிந்தது. டயரின் கறுப்பில் ரத்தம் தெரியவில்லை, கீழே சிமெண்டுத் தரையில்தான் தெரிந்தது. பாழாய்ப்போன அந்தப் பை கசிந்துகொண்டே இருந்தது. இறக்கியது பொத்தான்தான், அதற்கு மேலும் ஒவ்வொரு நூலளவாக அழுத்தியது அந்த ஓட்டைதான். எந்த ஓட்டையைப் பற்றி வாயைத் திறக்கக்கூடாது என்கிறானோ, அது அவர் விரலை நசுக்கிக்கொண்டே வந்தது. எலும்பு நொறுங்குவது காதுக்குள்ளேயே கேட்டது.

எத்தனை நேரம் தாங்கினார் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்துக் கத்தினார்.

"அண்ணே! வண்டி நல்லா இருக்கு!"

கண்ணாடி அறைக்குள் டிரைவர் அண்ணன் எழுந்து நின்று ரெண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பியது வண்டிகளுக்கு நடுவே தெரிந்தது.

மச்சான் போய்ப் பொத்தானை அமுக்கினான். உள்ளே எங்கோ கம்ப்ரஸர் முனகியது, இருமியது, நின்றுபோயிற்று. வண்டி ஏறவில்லை. மறுபடியும் அமுக்கினான். சத்தமே இல்லை. படுபாவி ஓடி வந்தான்.

"மாமா, ஏற மாட்டேங்குது மாமா! ஐயோ, நான் கொஞ்சம் பயமுறுத்தலாம்னுதான்..." தகட்டில் ரெண்டு கையையும் கொடுத்துத் தூக்கிப் பார்த்தான். ரெண்டு டன் வண்டியை ஒற்றைத் தோளை வைத்துக்கொண்டு எங்கே தூக்குவது? முறிந்த தோளைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தான்.

தன் வண்டியைப் பார்க்கச் சிரித்துக்கொண்டே வந்த டிரைவர் அண்ணன் ஒரு நொடி நின்றார். தான் ஓட்டி வந்து வாசலில் நிறுத்தியிருந்த முதலாளியின் வண்டியிலிருந்து ஜாக்கியை எடுத்து ஓடி வந்தார், வழியில் நின்ற மச்சானைத் தாடையில் ஒரே குத்தில் சாய்த்தார், வண்டிக்கு அடியில் ஜாக்கியைக் கொடுத்துச் சுற்றினார். கை வெளியே வந்தபோது அதைப் பார்த்து அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் சுண்டு விரலையும் மோதிர விரலையும் எடுத்துவிட்டார்கள். மறுநாள் மதியம் மனைவி கட்டிலோரம் உட்கார்ந்து கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். கை வழுக்கி வண்டிக்கடியில் மாட்டிக்கொண்டதென்று தம்பி அவளிடம் சொல்லியிருந்தான். இவரும் ஆமாம் என்று தலையாட்டியிருந்தார். சேர்ந்த உறவு மறுபடியும் அறுந்து போகவேண்டாம் என்று பார்த்தார். டிரைவர் அண்ணன் வந்தார். தாடை வீங்கிப் போய் மச்சானும் வாசற்படியில் வந்து நின்றான்.

டிரைவர் அண்ணன் தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டே கேட்டார். "இந்த நேரத்துல கேக்கக் கூடாது தம்பி. நீங்க நல்லா இருக்குன்னு கத்தினீங்க இல்ல, அந்த நிமிஷமே நான் கையெழுத்துப் போட்டுட்டேன். ஆனா அப்புறம் வண்டி ஏறவே இல்லையே. நல்லா இருக்கா, இல்லையா?"

விரல் போனபோது வராத அழுகை இப்போது வந்தது. "இல்ல அண்ணே. பொய் சொன்னேன். சொல்ல வச்சான். விரல் மாட்டியிருந்துச்சு, சொல்லிட்டேன். உங்க முப்பது வருஷத்தை என் மூணு விரலுக்கு வித்துட்டேன் அண்ணே."

மனைவி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். எழுந்து வாசலுக்குப் போனாள். தம்பியின் வலது கையைப் பிடித்து, கனத்த கதவின் கீல் பக்கத்து இடுக்கில் நாலு விரலையும் உள்ளே தள்ளி, கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

"அக்கா! வலிக்குதுக்கா! அக்கா!"

"பொய்யா சொல்றே எங்கிட்ட? ஆறு வருஷம் இவரோட சண்டை போட்டேன்டா உனக்காக. எத்தனை நாள் சோறு போடாம படுத்திருக்கேன் தெரியுமா? நானே என் கையால அனுப்பி வச்சேனேடா!" கதவை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். நர்ஸ் ஓடி வந்தாள், பக்கத்தில் வரத் துணியவில்லை. "அந்தப் பேப்பர் எங்கே?"

இடது கையால் தடவிச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். டிரைவர் அண்ணன் அதை வாங்கி நாலாகக் கிழித்தார். அவள் அப்போதும் முதுகை எடுக்கவில்லை. உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

"சாவி."

கொடுத்தான். ரெண்டையும் கொடுத்தான். அதற்கப்புறம்தான் கதவை விட்டாள்.

நாலுவிரல் இன்னமும் வண்டி பார்க்கிறார், இடது கையால். டிரைவர் அண்ணனுக்கு வேறு ஒரு வண்டி பார்த்துக் கொடுத்தார். காற்றுப் பை இல்லாதது, சாதாரண இரும்புச் சுருள். அண்ணன் மனைவிக்குக் கதவைத் திறந்து விட்டதை இவர் தெருமுனையில் நின்று பார்த்தார், கிட்டே போகவில்லை. புதிதாக யார் கூப்பிட்டாலும் பானெட்டில் கை வைப்பதற்கு முன்னால், வாங்குகிறவரைத் தனியாக அழைத்துப்போய்க் கட்டுப் பிரித்த அந்த வலது கையைக் காட்டுகிறார்.

"ஒரு தடவை பொய் சொல்லியிருக்கேன். தெரிஞ்சுக்கிட்டு, இஷ்டமிருந்தா கூப்பிடுங்க."