கொத்து ரொட்டிக்கு நடுவே ஒரு நீண்ட வாக்கியம்

ஆய்வுக்கூடம் இன்று பூட்டிக் கிடப்பதால், பாரிஸ் லா ஷப்பலில், ரூ காய் தெருவின் கொத்து ரொட்டிக் கடையிலேயே சோதனையை நடத்துகிறேன். இங்கே படிக்கும் சீனர்கள் நீண்ட ஆங்கில வாக்கியத்தில் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்க்கத்தான் சென்னையிலிருந்து வந்திருக்கிறேன். எதிரே சீன மாணவி லின் சாப்பிட்டுக்கொண்டே என் லேப்டாப்பைத் தட்டுகிறாள். ஒருமுறை தட்டினால் திரையில் ஒரு சொல் வரும். வாக்கியத்துக்குள் இன்னொரு வாக்கியம் தொடங்கும் இடத்தில் அவள் விரல் நின்றுவிடுகிறது. பத்து நொடி ஆகிறது. நான் எதிர்பார்த்த அதே இடம். பூரிப்போடு குறித்துக்கொள்கிறேன்.

கல்லாவிலிருந்து ஈழத்துக் கடைக்காரர் எட்டிப் பார்க்கிறார். "தம்பி, பிள்ளைக்கு உறைக்குது. கண்ணாலை தண்ணி ஓடுது, நீங்கள் பாக்கேல்லையே?"

லின் தண்ணீர் குடித்துவிட்டு மிச்ச வாக்கியத்தை மளமளவென்று முடிக்கிறாள். பொருளையும் சரியாகச் சொல்கிறாள்.

"அப்படியில்லைண்ணே, இந்த மாதிரி இடத்துல சீனர்கள் பொதுவா..." என்று தொடங்கியவன், பேச்சுவாக்கில் ஒரு வாய் கொத்தை அள்ளிப் போட்டுக்கொள்கிறேன். காரத்தில் இருமல் வருகிறது.

அவர் என் முன்னாலும் ஒரு கிளாஸ் தண்ணீரை வைக்கிறார்.

"உங்கடை வசனமும் பாதியிலை நிக்குது, தம்பி."