தவக்காலத்துக் கேசட்

தவக்காலம் வந்தால் எங்கள் வீட்டில் சினிமாப் பாட்டு கிடையாது. ஈஸ்டர் வரை நாற்பது நாளும் சாமி பாட்டு மட்டும்தான். சிங்கப்பூரில், குவீன்ஸ்டவுனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் இருந்த கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் இதே வழக்கம்.

எண்பதுகளின் தொடக்கம். நான் கப்பல் பட்டறையில் வெல்டர். மகள் எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் வேலை பார்த்தாள். அந்தத் தவக்காலத்தில் ஒரு கேசட் கொண்டுவந்து போட்டாள். ஆர்கன் இசையோடு ஆரம்பித்தது. பின்னால் கோயில் மணி. துணி தேய்த்துக்கொண்டிருந்த என் மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

பாட்டில் ஒரு பெண் மெழுகுவத்தி ஏற்றினாள். முழங்காலில் நின்றாள். நேற்று ஏன் வரவில்லை என்று கேட்டாள்.

எனக்கு அங்கேதான் இடித்தது. ஆண்டவரிடம் யாரும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"யாரு குடுத்த கேசட்?"

"கூட வேலை செய்றவங்கப்பா. சாமி பாட்டுத்தானே."

கேட்டதற்குப் பதில் சொல்லி நிறுத்தியிருக்கலாம். கேட்காததற்கும் சேர்த்துச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் செபக்கூட்டம். ஆட்கள் வந்து உட்காரும்வரை இருக்கட்டும் என்று மனைவி அந்தக் கேசட்டைப் போட்டுவிட்டாள். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். முதல் சரணம் முடிந்ததும் கீழ்வீட்டு அம்மா கண்ணைத் திறக்காமலே, "உருக்கமா இருக்கு" என்றார். அடுத்ததாக ஆண் குரல் வந்தது. நீதான் என் பீடத்துத் தெய்வம் என்றது. இரண்டாவது சரணத்தில் இடுப்பு வந்தது.

"என்னங்க, நிறுத்துங்க!"

நிறுத்தினேன். கீழ்வீட்டு அம்மா கண்ணைத் திறந்து, "ஏன்யா, நல்லாத்தானே போச்சு?" என்றார். சிரிப்பு அடங்க நேரமானது. மகள் சிரிக்கவில்லை.

கேசட் அட்டையில் சிராங்கூன் ரோட்டுக் கடை ஒன்றின் முத்திரை இருந்தது. வேண்டிய பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் பதிந்து கொடுக்கும் கடை. மறுநாள் பஸ் ஏறிப் போனேன். கடைக்காரர் பார்த்ததும் கண்டுகொண்டார்.

"இதுவாண்ணே? பூக்கடைத் தம்பி லிஸ்ட் லா. எல்லாமே தேவி, கோயில், பூசைன்னு பொறுக்கி எடுத்தான். முதல் பாட்டு மட்டும் சர்ச்ல பாடற மாதிரி வேணும்னான். ரெண்டு கேசட் போட்டேன்."

"ரெண்டு எதுக்கு?"

"ஒண்ணு அவனுக்கு, ஒண்ணு யாருக்கோ. நீங்க என்ன, போலீஸா?"

அவர் கைகாட்டிய பூக்கடை எதிர்வரிசையில் இருந்தது, மாரியம்மன் படம் மாட்டிய கடை. மகள் வேலைக்குப் போகும்போது பஸ் மாறும் இடம்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "அவரைத்தாம்பா கட்டிக்குவேன்" என்றாள். மனைவி மதத்தை நினைத்து அழுதாள். எனக்கு மதத்தைவிடப் பாட்டுதான் உதைத்தது. பட்டறையில் மேலே பளபளவென்று இருக்கும் வெல்டிங்கைத்தான் நான் முதலில் தட்டிப் பார்ப்பேன். பெண்ணைத் தெய்வம் என்கிறவன் பிறகு எங்கே வைப்பான்?

ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். வந்தான். பூக்கடைக்காரன், ஆனால் கையில் பூ இல்லை. அது கொஞ்சம் பிடித்தது.

"பாட்டுல எம்பொண்ணு தெய்வம். சரி. வீட்டுல சோறு யாரு ஆக்குவா?"

அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"அவளுக்கு ஷிப்ட் வேலை. நின்னு நின்னு கால் வீங்கி வருவா. பூசையெல்லாம் வேணாம்பா. இதுக்குப் பதில் சொல்லு."

"நான் சமைப்பேன் அங்கிள்."

"என்ன சமைப்ப?"

"சாம்பார். மீ கோரேங்."

"ரசம்?"

"அது... எனக்கு வராது அங்கிள்."

அடுப்படியில் மகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. சாம்பாரையும் அந்த மலாய் நூடுல்ஸையும் நான் நம்பவில்லை. ரசம் வராது என்றதை மட்டும் நம்பினேன். அது போதும் என்று சம்மதித்தேன். பாதிரியார் ஆயரிடம் கலப்பு மணத்துக்கு அனுமதி வாங்கிக் கொடுத்தார். மனைவி அழுகையை நிறுத்தினாள்.

கல்யாணம் முடிந்து பிடோக்கில் வீடு எடுத்தார்கள். நான் போனால் நேராகச் சமையலறைக்குத்தான் போவேன். யார் கை ஈரமாக இருக்கிறது என்று பார்ப்பேன். சில நாள் மகள் கை. பல நாள் அவன் கை. இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அவன் வைக்கும் ரசம் இப்போதும் அளவுக்கு மீறிப் புளிக்கிறது. கேசட்டை மகள் பத்திரமாக வைத்திருக்கிறாள். நான் இருக்கும்போது போடுவதில்லை.