ஜும்மாவுக்குப் போகாத ஷபீ பாய்

ஷபீ அஹமதுக்கு மூக்கு என்று ஒன்று முகத்தில் இருந்ததே தவிர, மூச்சு விடுவதைத் தாண்டி அதனால் வேறு பிரயோஜனம் கிடையாது. ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் அவருக்குச் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் வேலை. பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு, முடி கழன்றதும் வெளியே இழுத்துப் போடுகிற இடம் அது. புதிதாக வருகிறவன் மத்தியானச் சோற்றைத் திறக்காமலே வீட்டுக்கு ஓடிவிடுவான். இவர் கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்தவர், ஓடவில்லை. ஓடாததற்கு விலையாக மூக்கு போயிற்று. பிரியாணி அண்டாவைப் பக்கத்தில் திறந்து வைத்தால் முகத்தில் ஆவி அடிப்பது தெரியும், வாசனை தெரியாது. ஆம்பூரில் பிறந்தவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது. தன் மேல் என்ன நாற்றம் அடிக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. அடிக்கிறது என்பது மட்டும் தெரியும். பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து சீட்டு காலியாகவே வரும். ஒரு நிக்காஹ் வீட்டில் புதுச் சட்டை போட்ட ஒரு ஆள், அவர் உட்கார்ந்ததும் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு இலையை மாற்றிக்கொண்டு போனார். யாரும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் திருப்பி நாலு கேட்டிருப்பார். சொல்லாமல் எழுந்து போனவர்களை என்ன செய்ய?

அந்தச் சமயம் பார்த்துத்தான் பள்ளிவாசல் ஹஜ்ரத் ஒரு வெள்ளிக்கிழமை பயான் பேசும்போது, பச்சை வெங்காயமும் பூண்டும் தின்றுவிட்டு அந்த வாடையோடு தொழ வரக்கூடாது, பக்கத்தில் நிற்பவருக்கு மட்டுமல்ல, மலக்குகளுக்கும் அது தொந்தரவு என்று சொன்னார். ஹஜ்ரத் வெங்காயத்தைத்தான் சொன்னார். ஷபீ அஹமது தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு, உடுத்திக்கொண்டு, வீட்டு வாசலில் வந்து அப்படியே நின்றுவிட்டார். வானத்திலிருந்து இறங்கி வருகிற மலக்குகள் தன்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்று நினைக்க, அவருக்குக் கால் நகரவில்லை.

அவர் மனைவி முனவ்வர் பேகம் கெட்டிக்காரி. "இன்னா ஆச்சு, ஜும்மாக்கு நேரமாவுது" என்று கேட்டு விஷயத்தைக் கறந்துவிட்டாள். கிட்டே வந்து, கழுத்தில் ஒரு முறை, காலரில் ஒரு முறை, உள்ளங்கையில் ஒரு முறை மோந்து பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல, போங்க. சோப்பு வாசனைதான் ஜாஸ்தியா இருக்கு."

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஷாப்புக்கு லீவு. காலையிலேயே புளியும் சீயக்காயும் போட்டுக் கையைத் தேய்த்து, தோல் சிவக்கக் குளித்து, வெள்ளை ஜிப்பா போட்டுக்கொண்டு சமையல்கட்டு வாசலில் வந்து நிற்பார். முனவ்வர் பேகம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து மோந்து பார்ப்பாள். "ஒண்ணும் இல்ல, போங்க" என்பாள். அந்த வார்த்தை காதில் விழுந்த பிறகுதான் செருப்பை மாட்டுவார். அவள் தாய் வீட்டுக்குப் போன வாரங்களில் ஜும்மா கிடையாது, வீட்டிலேயே தொழுதுகொள்வார்.

பள்ளிவாசலில் அவருடைய இடம் லியாகத் அலிக்குப் பக்கம். லியாகத் அலி தையல்காரர், மதரஸாவில் ஒன்றாக அடி வாங்கிய தோஸ்த். தோளோடு தோள் ஒட்டி நின்று, குனிந்து, நெற்றியைத் தரையில் வைக்கிற அந்த நேரத்தில் ஷபீ அஹமதுக்கு உடம்பின் பாரம் எல்லாம் இறங்கிவிடும். ஒருவரும் விலகிப் போகாத ஒரே இடம் அவருக்கு அதுதான். திரும்பி வந்து வயிறு நிறையச் சாப்பிட்டு, பிள்ளைத் தூக்கம் தூங்குவார். சர்க்கரை வியாதி வந்தும் அவரை அது படுக்கையில் தள்ளவில்லை. ஷாப்பில் அவர் வயசுக்காரர்கள் மூச்சிரைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதும் இவர் நின்று வேலை செய்தார்.

போன வருஷம், மழைக்கு முந்தின ஒரு திங்கட்கிழமை, முனவ்வர் பேகம் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆட்டோவில் ஏற்றுவதற்குள் முடிந்துவிட்டது. ஷபீ அஹமதுக்கு ஷாப்புக்குப் போன் வந்தபோது முழங்கை வரை சுண்ணாம்புத் தண்ணீர். அப்படியே ஓடி வந்தார்.

மகள் ஹஃப்ஸா வேலூரில் சத்துவாச்சாரியில் வாழ்க்கைப்பட்டவள், அங்கே ஒரு ஸ்கூலில் டீச்சர். அவள் வந்து சேர்ந்ததும் பெண்கள் உள்ளே மய்யத்தைக் குளிப்பாட்ட ஆரம்பித்தார்கள். ஷபீ அஹமது பின்பக்கம் போய் இரண்டு தடவை குளித்தார். புளி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அதையெல்லாம் எடுத்து வைக்கிறவள்தான் உள்ளே கிடக்கிறாளே. வெள்ளை ஜிப்பா போட்டுக்கொண்டு, பழக்க தோஷத்தில், சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே அடுப்பு அணைந்திருந்தது. அப்போதுதான் அவருக்கு அவள் இல்லை என்பது உறைத்தது.

முகம் பார்க்கக் கூப்பிட்டார்கள். கற்பூரமும் அத்தரும் போட்டு, வெள்ளைத் துணியில் சுற்றிச் சுத்தமாகப் படுத்திருந்தாள். கிட்டே போகாமல் நிலைப்படியிலிருந்தே பார்த்தார். சாயங்கால அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் ஜனாஸா தொழுகைக்கு வரிசை கட்டினார்கள். லியாகத் அலி முன்வரிசையில் இடம் விட்டுக் கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டார். ஷபீ அஹமது வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, செருப்பு விடுகிற இடத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஷாப்பிலிருந்து அப்படியே வந்த உடம்பு. மோந்து பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. அவளை வரவேற்க மலக்குகள் வருகிற நேரத்தில், அவள் புருஷனின் நாற்றம் அங்கே இருக்க வேண்டாம் என்று நினைத்தார்.

நாலு தடவை அல்லாஹு அக்பர், நாலு தக்பீர். நின்றபடியே முடிந்துவிடுகிற தொழுகை அது. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகாது. ஊரே சேர்ந்து முனவ்வர் பேகத்துக்காகத் தொழுதது, அவள் புருஷன் மட்டும் தொழவில்லை. பாவம், இடிந்துபோய்விட்டார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு அவர் ஜும்மாவுக்குப் போகவில்லை. கொஞ்ச நாளில் வீட்டில் தொழுவதும் நின்றது. வேலையையும் விட்டார். சோறு இறங்கவில்லை, தூக்கம் போயிற்று, சர்க்கரை ஏறியது, காலில் ஒரு சின்னக் கொப்புளம் வந்து ஆறவே மாட்டேன் என்றது. ஹஃப்ஸா ஆம்பூருக்கும் வேலூருக்கும் அலைந்து அலைந்து, கடைசியில் வேலூரில் டாக்டர் பூர்ணிமாவிடம் கூட்டிக்கொண்டு போனாள். மாத்திரையை மாற்றினார்கள், ஊசி போட்டார்கள். ரத்தச் சர்க்கரை மட்டும் இறங்கவில்லை.

"வேளாவேளைக்கு மாத்திரை போடறார், சாப்பாடும் கம்மி. அப்புறம் ஏன் இறங்க மாட்டேங்குது?" என்று டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் புரட்டினார். பிறகு ஹஃப்ஸாவைப் பார்த்து, "அம்மா இருந்தப்போ தவறாம செஞ்சு, இப்போ இவர் விட்டது ஏதாவது உண்டா?" என்று கேட்டார்.

ஹஃப்ஸாவுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "ஜும்மா" என்றாள்.

"மருந்து நான் குடுப்பேன். அத இவர் மனசும் எடுத்துக்கணும். ஏன் விட்டார்னு கேளுங்க."

வீட்டுக்கு வந்து கேட்டாள். முதலில் மழுப்பினார். அவள் விடவில்லை.

"யார் மோந்து பார்த்துச் சொல்றது?" என்றார் ஷபீ அஹமது, தரையைப் பார்த்துக்கொண்டு.

ஹஃப்ஸாவுக்கு அழுகை வந்தது. "இவ்ளோதானாப்பா? நான் இல்லியா?"

அந்த வெள்ளிக்கிழமை அவள் லீவு போட்டுவிட்டு ஆம்பூரில் இருந்தாள். புளி கரைத்து வைத்தாள். அவர் குளித்து, உடுத்தி, தயங்கித் தயங்கி வந்து நின்றார். மகள் எதிரில் இப்படி நிற்கக் கூச்சமாக இருந்தது. அவள் கழுத்தில், காலரில், கையில் மோந்து பார்த்தாள்.

"இல்லப்பா. சத்தியமா. இப்போ நிஜமாவே ஒண்ணும் இல்ல."

செருப்பை மாட்டப் போனவர் நின்றார்.

"இப்போன்னா? அப்போ?"

ஹஃப்ஸா நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாய் தவறிவிட்டது அவளுக்கும் தெரிந்துவிட்டது.

"பேட்டா, உங்க அம்மா சொன்னப்போ இருந்துச்சா?"

"வேலைய விட்டு இவ்ளோ நாள் ஆச்சில்லப்பா, அதான் போயிருக்கு. அப்போ இருந்துச்சு. எப்பவும் இருந்துச்சு. தலகாணில, கதவுல, எல்லாத்துலயும். நான் சின்னப் பொண்ணா இருந்தப்போ ஒரு வாட்டி அம்மாகிட்ட கேட்டேன், ஏம்மா பொய் சொல்றன்னு. வாயப் பொத்தி உள்ள இழுத்துக்கினு போனாங்க. 'அவுரு அங்க போனாத்தான் நல்லா இருப்பாரு, நீ சொல்லிக்கில்லி வெச்சிடாத'ன்னாங்க."

ஷபீ அஹமது சுவரில் கை வைத்துக்கொண்டார். வாராவாரம் கரண்டியை வைத்துவிட்டு வந்து, அந்த நாற்றத்தை மூக்கு நிறைய இழுத்துவிட்டு, முகம் சுளிக்காமல், ஒண்ணும் இல்ல என்றிருக்கிறாள். ஒரு தடவைகூட அவருக்குச் சந்தேகம் வரவில்லை. அவ்வளவு சுத்தமான பொய். அதற்குள் பாங்கு சொல்லிவிட்டார்கள். ஹஃப்ஸா கையைப் பிடித்து வாசல் வரை கொண்டுபோய் விட்டாள்.

தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு லியாகத் அலியைப் பிடித்து உட்கார வைத்தார்.

"உண்மையச் சொல்லு லியாகத்து. என் மேல தோல் நாத்தம் அடிச்சது உனக்குத் தெரியுமா?"

"இன்னா கேள்வி இது? உனக்குத்தான் மூக்கு இல்ல, எனக்கு இருக்குதே."

"அப்புறம் ஏன்டா பக்கத்துல நின்ன?"

"நீ நின்ன, நானும் நின்னேன். இந்த ஊரு சோறு துன்றதே தோல்லதான். இத போய் யாரு பெருசா நெனச்சா? பேஜார் பண்ணாத ஷபீ, இத்தினி மாசம் கழிச்சு இப்பத்தான் வந்துக்கிற."

"முனவ்வர் ஜனாஸாவுல நான் நிக்கல, லியாகத்து."

"தெரியும். மனசு ஒடஞ்சு ஒதுங்கி நின்ன."

"இல்லடா. நாத்தம் அடிக்கும்னு ஒதுங்கினேன்."

வாய் ஓயாத மனிதரான லியாகத் அலி, தோஸ்தின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தார்.

ஹஜ்ரத்திடமும் இருவரும் போய்க் கேட்டார்கள். விட்டுப்போன ஜனாஸா தொழுகையை இப்போது தொழ முடியுமா? ஹஜ்ரத் விஷயத்தைக் கேட்டுக் கண் கலங்கினார். தான் வெங்காயத்தைப் பற்றித்தானே சொன்னேன் என்று மெல்லச் சொன்னார். நம் மத்ஹபின் சட்டத்தில் அது ஒரு முறைதான், மறுபடி கிடையாது, அந்த அம்மாவுக்காகக் கையேந்தி துஆ செய்யுங்கள், அது எப்போதும் போய்ச் சேரும் என்றார். ஷபீ அஹமது தலையை ஆட்டினார். துஆ போய்ச் சேரும் என்பது அவருக்கும் தெரியும். அவர் கேட்டது அது இல்லை.

அதற்குப் பிறகு ஒரு ஜும்மாவையும் அவர் விடவில்லை. ஐந்து வேளையும் பள்ளிவாசலுக்கே போனார். உடம்பு வழிக்கு வந்தது. தூக்கம் வந்தது, பசி வந்தது, கால் கொப்புளம் காய்ந்து உதிர்ந்தது. அடுத்த முறை வேலூருக்குப் போனபோது டாக்டர் பூர்ணிமா ரிப்போர்ட்டைப் பார்த்துச் சிரித்தார். "சுகர் நல்லா இறங்கியிருக்கு பாய். என்ன செய்யறீங்களோ, அதையே செய்ங்க" என்றார். ஹஃப்ஸாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பாவைத் தானே ஊரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று ஆம்பூர் பஸ்ஸில் கூடவே ஏறினாள்.

கூட்டமான பஸ். ஷபீ அஹமது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், அவரை ஒட்டி ஹஃப்ஸா. பள்ளிகொண்டா தாண்டும் வரை பாலாற்றுப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அவள்தான் விடாமல் பேசிக்கொண்டு வந்தாள், இனிமே எல்லாம் சரியாய்டும்பா, டாக்டரே சொல்லிட்டாங்க என்று.

"பேட்டா, அன்னிக்கு நீ எங்க இருந்த?" என்றார் திடீரென்று.

"என்னிக்குப்பா?"

"உங்க அம்மா போன அன்னிக்கு, ஜனாஸாவுக்கு முன்னாடி. நான் குளிச்சிட்டு வந்து சமையக்கட்டு வாசல்ல நின்னேன்."

"உள்ளதாம்பா இருந்தேன். அம்மாவைக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தோம்."

அவர் மெல்லத் தலையை ஆட்டினார். கோபம் துளியும் இல்லை. குழந்தை ஒன்றைக் கேட்பதுபோல அவ்வளவு தணிந்த குரலில் கேட்டார்.

"ஒரு நிமிஷம் வெளிய வந்து, ஒண்ணும் இல்ல, போங்கன்னு நீயாவது பொய் சொல்லியிருக்கக் கூடாதா?"

ஹஃப்ஸா அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சுற்றி இருந்தவர்கள் பார்க்கிறார்கள் என்றும் பார்க்காமல், ஆம்பூர் வரும் வரை அழுதுகொண்டே வந்தாள்.