தன் கருவியை நம்பாதவர்

கனடாவின் மார்க்கம் நகரில், ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் மண்டபத்துக்குள் போனபோது, ஒருவர் சின்ன ஸ்கேன் கருவியொன்றைக் கைத்தொலைபேசியில் கொளுவிக்கொண்டிருந்தார். மெலிந்த மனிதர். குளிர் ஜாக்கெட்டை உள்ளேயும் கழற்றவில்லை. ஆஸ்பத்திரி மெஷினை மலிவாகச் செய்யப் போகிறாராம். பரிசோதிக்க ஆட்கள் வேண்டுமாம். இலவசம் என்றதும் எனக்குச் சந்தேகம் வந்தது.

“உந்த மெஷினை எங்களுக்கு விக்கப்போறியளோ?”

“இல்லை அண்ணை. இது எங்க பிழை விடுகுதெண்டு பாக்கிறன்.”

ஒவ்வொருவரையும் பார்க்கும் முன் அதைத் தன் வயிற்றில் வைத்துச் சரிபார்த்தார். என் வலது சிறுநீரகப் பக்கம் வந்ததும் அவர் கை நின்றது.

“ஏதோ தெரியுது. இதை நானே முழுசா நம்பேல்லை. ஆனா டொக்டரிட்டக் காட்டுங்கோ.”

பயமுறுத்தி ஆள் பிடிக்கிறார் என்று வீட்டில் திட்டினேன். மனைவி விடவில்லை. ஆஸ்பத்திரியின் பெரிய மெஷினிலும் கட்டி தெரிந்தது. வெட்டி எடுத்தார்கள், பிழைத்தேன்.

நன்றி சொல்லப் போனேன். அவர் சிரிக்கவில்லை. “கட்டி எத்தினை சென்ரிமீற்றர் எண்டு சொன்னவை?” என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

“உங்களோட மூண்டு பேரை டொக்டரிட்ட அனுப்பினனான். மற்ற ரெண்டு பேருக்கும் ஒண்டுமில்லை. வீணாப் பயந்து போச்சினம்.”

உயிரோடு முன்னால் நின்ற என்னை அவர் நிமிர்ந்து பார்க்கவேயில்லை. அது ஏனென்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.