அம்மாவுக்கு வந்த கால் வலி

அம்மாவோடு துணிக்கடைக்குப் போவதைப் போல மானக்கேடு வேறில்லை என்று ஒன்பதாம் வகுப்பு வரை நினைத்துக்கொண்டிருந்தேன். சுடிதாரின் நிறத்தையோ பூவையோ அவள் ஏறிட்டும் பார்க்க மாட்டாள். கைக்கு வந்ததும் உள்பக்கத்தை வெளியே திருப்பிவிடுவாள். தையலை இழுத்துப் பார்ப்பாள், ஓரத்தில் நூல் பிரிகிறதா என்று நகத்தால் நெருடுவாள், கடைக்காரர் முகம் சுருங்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் அம்மாவுக்குச் செக்கிங் வேலை. அடுத்தவர் தைத்த சட்டையைத் திருப்பிப் போட்டுக் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளமே. அந்த வேலையைக் கடைத்தெரு வரைக்கும் கொண்டுவருகிறாளே என்று எனக்கு எரிச்சல்.

அப்போது காட்டுப்பாக்கத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிக் கொடுத்த போன், பள்ளிக்கூடம் திறந்த பிறகும் என் கையைவிட்டு இறங்கவில்லை. அதில் ஒரு விளையாட்டு, அந்த விளையாட்டில் எனக்கு ஒரு தோழி. ஊர் வேப்பம்பட்டு, அவளும் ஒன்பதாவது, என்னைப் போலவே கணக்கு வராது, டிபியில் பூனைக்குட்டி. கொஞ்ச நாளில் நம்பரும் கொடுத்துக்கொண்டோம். வகுப்பில் யாரும் யாரோடும் சரியாகப் பேசாத வருஷம் அது. திரையில் பார்த்துப் பழகிய முகங்களோடு நேரில் எப்படிப் பேசுவதென்று எல்லோருக்குமே மறந்துபோயிருந்தது. இவளோ தினமும் சாப்பிட்டாயா என்று கேட்டாள். அதற்கே நான் உருகிப்போனேன்.

இரண்டு மாதம் கழித்து, வருகிற சனிக்கிழமை பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் சந்திக்கலாம் என்றாள். வீட்டில் சொல்லாதே, சொன்னால் விட மாட்டார்கள் என்றும் எச்சரித்தாள். நானும் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் தீபாவளிக்கு எடுத்த மயில்கழுத்து நிறச் சுடிதார் பீரோவுக்குள் இருந்தது, பீரோ சாவி அம்மாவின் இடுப்பில் இருந்தது. அந்தச் சுடிதாருக்கு ஆசைப்பட்டுத்தான் விஷயத்தைச் சொன்னேன். நேர்மைக்கும் எனக்கும் அன்று வேறு சம்பந்தம் கிடையாது.

அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பேசியதையெல்லாம் படிக்கச் சொன்னாள். நாங்கள் எழுதியது இங்கிலீஷ் எழுத்தில் தமிழ், அம்மாவுக்கு அது வராது. நான் நாலு வரி படித்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"உன்னுது வாணாம். அந்தப் பொண்ணு கேட்டத மட்டும் படி."

விசித்திரமாக இருந்தது. என் வரிகளைத் தாண்டித் தாண்டிப் படித்தேன். அம்மா எத்தனை மணிக்கு வருவாங்க? அதுவரைக்கும் வீட்ல யாரு? ஸ்கூல் விட்டு எந்தத் தெரு வழியா வருவ? தனியாவா? ஒரு போட்டோ அனுப்பு. இது வேணாம், வேற அனுப்பு. மாடிக்குத் தனிப் படியா? இதெல்லாம் அழிச்சிடு, அம்மா பார்த்தா திட்டுவாங்க. நடுவில் என் சிரிப்பும் எமோஜிப் பொம்மைகளும் இல்லாமல் கேட்டபோது, படிக்கும் குரல் என்னுடையதாகவே இல்லை.

"அவங்கம்மா இன்னா வேலை செய்யுது?" என்று அம்மா கேட்டாள். தெரியாது. "வேப்பம்பட்டு ரயில் ஸ்டேஷனுக்கு எந்தாண்ட ஊடு?" தெரியாது. "குரலாவது கேட்டுக்கீறியா?" மைக் ரிப்பேர் என்று அவள் சொல்லியிருந்தாள், அதைச் சொன்னேன்.

அம்மா எழுந்து முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள். "சரி, போலாம். நானும் வர்றேன். அதையும் அவங்கம்மாவ இட்டுகினு வரச் சொல்லு. எலுமிச்ச சோறு கட்டிகினு வர்றேன்னு எழுது."

அழுதுகொண்டே எழுதினேன். ப்ளூ டிக் விழுந்தது, பதில் வரவில்லை. சாயங்காலத்துக்குள் பூனைக்குட்டியைக் காணோம். விளையாட்டில் தேடினேன், அங்கேயும் அவள் இல்லை.

அன்று நான் அம்மாவிடம் பேசிய பேச்சை நினைத்தால் இப்போதும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். "உனக்கு ஒரு ஃப்ரெண்டும் கிடையாது, அதான் எனக்கும் இருக்கக் கூடாதுன்னு பாக்குற" என்றேன். சனிக்கிழமை சொன்னபடியே அம்மா எலுமிச்சைச் சோறு கிளறினாள். நான் தொடவில்லை, அவளும் சாப்பிட்ட மாதிரித் தெரியவில்லை.

திங்கட்கிழமை அப்பா என் போனை எடுத்துக்கொண்டு எங்கோ போய்வந்தார். கேட்டதற்கு ரிப்பேர் என்றார். நன்றாக இருக்கிற போனுக்கு என்ன ரிப்பேர் என்று நான் முறைத்தேன். அதே திங்கட்கிழமைதான் அம்மாவுக்குக் கால் வலி வந்தது.

பள்ளிக்கூடம் விட்டு வெளியே வந்தால் வாசலில் அம்மா நிற்கிறாள். "முட்டி புடிச்சிகிச்சு. பையத் தூக்க ஆள் வோணும், அதான் வந்தேன்" என்றாள். அன்றிலிருந்து ஒரு நாள் விடாமல் வந்தாள். கோபத்தை விட்டுக்கொடுக்காமல் பையை வாங்கிக்கொண்டு நடந்தேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள். திருப்பத்துக்குத் திருப்பம் நின்று பின்னால் பார்ப்பாள், மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்தேன். கால் வலிக்காரி நேர் வழியை விட்டு நாளுக்கொரு தெருவாகச் சுற்றுவது ஏன் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. தோளைப் பிடித்துக்கொண்டு வருகிறவளிடம் எத்தனை நாள்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது? இரண்டாம் வாரம் வகுப்புக் கதைகளைச் சொல்ல ஆரம்பித்தேன். முழுப்பரீட்சை வரும்போது, அவளிடம் சொல்லாத கதை என்று எதுவும் என்னிடம் இல்லை.

இப்போது வேலப்பன்சாவடி பக்கம் கல்லூரியில் படிக்கிறேன். போன மாதம் அப்பாதான் பேச்சுவாக்கில் உளறினார். போன் போனது ரிப்பேருக்கு அல்ல, போலீஸ் ஸ்டேஷனுக்கு. பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு வந்து நிற்க, சூப்பர்வைசரிடம் கெஞ்சி அம்மா காலை ஷிப்டு வாங்கியிருக்கிறாள். என் தெருவும், நான் வரும் நேரமும், எங்கள் மாடிப்படியும் அந்தப் பூனைக்குட்டிப் படத்துக்குப் பின்னால் இருந்த யாரோ ஒரு ஆளுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பயத்தை என் தலையில் ஏற்றாமல் தன் முட்டியில் ஏற்றிக்கொண்டு அவள் நடந்திருக்கிறாள். அம்மா முகத்தைப் பார்த்து நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு நாள் வலது காலை நொண்டுவாள், மறுநாள் இடது காலை நொண்டுவாள். எனக்கு அது உறைக்கவே இல்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அம்மாவைப் பத்திரமாக வீடு சேர்க்கிறேன் என்ற பெருமையோடு நடந்துகொண்டிருந்தேன்.