ஈரச் சுவருக்குச் சொன்ன விலை

யாராவது எங்கள் பின்னறைச் சுவரைத் தடவிப் பார்த்து, "என்ன அருமையான பூச்சு!" என்று சொன்னால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பதுளைக் கடைவீதியில் எங்களுக்குத் துணிக்கடை. கடைக்குப் பின்னால் ஓர் அறை, அந்த அறையின் முதுகில் மண்மேடு. மேட்டு மண் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றதால் ஐப்பசி பிறந்துவிட்டால் சுவர் கசியத் தொடங்கும். பாயைச் சுருட்டினால் அடியில் பூஞ்சணம் பூத்திருக்கும். என் மூத்த மகன் பூனாகலையில் என் தாய்வீட்டில் பிறந்தவன். அவனைத் தூக்கிக்கொண்டு வந்து இந்த அறையில்தான் படுக்கவைத்தேன். மூன்று மாதம் முடியவில்லை, மார்கழி மழையில் நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனான். பார்க்க வந்த வைத்தியர் பிள்ளையைத் தொடுவதற்கு முன் சுவரைத்தான் தொட்டுப் பார்த்தார்.

மறுபடி எனக்கு ஐந்து மாதம். இந்தப் பிள்ளையும் ஐப்பசியில் பிறக்கும், இதே அறையில்தான் படுக்கும். அதற்குள் சுவரைச் சரிசெய்தாக வேண்டும் என்று கணவரைப் பிடுங்கி எடுத்தேன். நச்சரிப்புத் தாங்காமல் இரண்டு பேரை வரவழைத்தார்.

முதலில் வந்த சுண்ணாம்புக்காரர் சுவர்ப் பக்கமே போகவில்லை. வாசற்படியில் நின்று ஒரு பார்வை பார்த்தார். "ரெண்டு தடவ அடிச்சா பளிச்சுன்னு ஆயிரும் மொதலாளி. ஆறு ரூவா குடுங்க" என்றார். கொஞ்சம் நீலமும் கலந்து தருவாராம், அது இனாமாம்.

அடுத்து வந்தவர் கொத்தனார். விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே மூலைக்கு மூலை போனார். பிறகு பின்பக்கம் ஏறி மேட்டையும் பார்த்துவிட்டு வந்தார்.

"இது சுண்ணாம்புக்கு அடங்காதுங்க. மொதல்ல மேட்டச் சரிச்சு, தண்ணி ஓடக் கான் வெட்டணும். பழைய பூச்சப் பூரா உதுத்துட்டுப் புதுசாப் பூசணும். ஆடி, ஆவணி வெயில்ல நல்லாக் காயணும். இருவத்தெட்டு ரூவா ஆகும்."

அவர் தலை மறைந்ததும் என் கணவர் ஆரம்பித்தார். "ஆறு எங்க, இருவத்தெட்டு எங்க! ரெண்டு பேரும் ஒரே செவுத்துக்குத்தானே வெல சொன்னாங்க?"

"செவுரு ஒண்ணுதாங்க. வேல ஒண்ணா?"

உடனே சாஸ்திரத்தைப் பிடித்துக்கொண்டார். "புள்ளத்தாச்சி இருக்கிற வீட்ல செவுத்த இடிக்கக் கூடாது. சுண்ணாம்பு அடிச்சா தோஷமில்ல."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனிதர். வெள்ளிக்கிழமை விளக்குக்கு எண்ணெய் வாங்கவே நான் மூன்று தடவை சொல்ல வேண்டும். இருபத்திரண்டு ரூபாயை மிச்சம் பிடிக்க என் வயிற்றைச் சாக்காக்கினார்.

மறுநாள் காலை சுண்ணாம்புக்காரர் வாளியோடு வந்து நின்றார். நான் கொல்லையில் கிடந்த கனத்த இரும்பு அலவாங்கைத் தூக்கிவந்து சுவரில் ஓங்கிக் குத்தினேன். பூச்சு பாளமாகப் பெயர்ந்து காலடியில் விழுந்தது. உள்ளே மண் சேறாக இருந்தது. சத்தம் கேட்டுக் கடையிலிருந்து கணவர் ஓடிவந்தார்.

"புள்ளத்தாச்சியே இடிச்சாச்சு. இனி யாரு இடிச்சா என்னங்க?" என்றேன்.

சுண்ணாம்புக்காரர் வாளியை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டார். கணவர் வேறு வழியில்லாமல் கொத்தனாருக்கு ஆள் அனுப்பினார். மத்தியானமே அவர் வந்து நான் போட்ட ஓட்டையைக் குனிந்து பார்த்தார்.

"வெலய ஏத்திர மாட்டீங்களே?" என்று கேட்டேன்.

"அதே வெலதாம்மா. நீங்க மொதப் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தப்பவே வந்து பாத்தேனே. பச்சப்புள்ள வரப்போற அறை, ஒடனே செஞ்சிருங்கன்னு மொதலாளிகிட்ட அப்பவும் இதே இருவத்தெட்டுதான் சொன்னேன்."

கணவர் கடைப் பக்கம் போய்த் துணிக்கட்டுகளை அடுக்கத் தொடங்கினார். அலவாங்கு எப்படியோ மறுபடி என் கைக்கு வந்திருந்தது, எனக்கே என்னை நினைத்துப் பயமாக இருந்தது.

ஐப்பசியில் மகள் பிறந்தாள். அந்த மழைக்காலம் முழுக்க அவளுக்கு ஓர் இருமல்கூட இல்லை. சுவர் பலகை மாதிரிக் காய்ந்து நின்றது. பார்க்க வருகிறவர்களிடம், இரண்டு விலையையும் சீர்தூக்கிப் பார்த்து நல்ல வேலைக்காரரைத் தாமே பிடித்ததாக என் கணவர் சொல்லிக்கொள்வார். சொல்லட்டும். என் மூத்தவனுக்கும் இருபத்தெட்டு ரூபாய்தான் கேட்டிருந்தார்கள்.