குளவி மலைக்கு ஒரு ‘டிமாண்ட்’

நான் எட்டாம் வகுப்புக்குப் போன வருடம், தைப்பொங்கல் கழிந்த மறுவாரம். தேதி நினைவில்லை. சனிக்கிழமை என்பது மட்டும் உறுதி. பள்ளிக்கூடம் இல்லாததால்தான் அம்மா என்னைப் பெரட்டுக் களத்துக்கு இழுத்துப் போனார்.

இலங்கை மலையகத்தில், வட்டகொடைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடம் அது. முதல் நாள் மேல்மலையில் கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டிச் சித்தி ஆஸ்பத்திரியில் கிடந்தார். கூடு இன்னும் அங்கேயே தொங்கியது. அன்றைக்கும் பெண்களை அதே மலைக்குத்தான் போகச் சொன்னார்கள்.

புதிதாக வந்த சின்னதுரைக்கு, அதாவது தோட்டத்து உதவி மேனேஜருக்கு, தமிழ் தெரியாது. பெண்கள் சொல்வதைக் கணக்கப்பிள்ளைதான் ஆங்கிலத்தில் சொல்வார். சொல்லும்போது பாதியை விழுங்கிவிடுகிறார் என்பது அம்மாவின் சந்தேகம்.

“எம்புள்ள பேசும்” என்று என்னை முன்னால் தள்ளினார்.

“பள்ளிக்கூடத்துப் புள்ளயக் கூட்டியாந்து வம்பு பண்றியா?” என்றார் கணக்கப்பிள்ளை.

“ஒங்களுக்கு ஏங்க வீண் சிரமம்?” என்ற அம்மா என் பக்கம் திரும்பினார். “கூட்டை அழிக்காம மலை ஏற மாட்டோம், அழிக்கச் சொல்லிக் கேளு.”

எங்கள் ஆங்கில வாத்தியார் யாழ்ப்பாணத்துக்காரர். ‘ஆஸ்க்’ என்றாலும் ‘டிமாண்ட்’ என்றாலும் கேட்பதுதான். ஆனால் முன்னதில் தருவதும் மறுப்பதும் எதிராளியின் இஷ்டம், பின்னதில் மறுக்க இடமே இல்லை என்று விளக்கியிருந்தார். “நல்ல பிள்ளையள் ‘ஆஸ்க்’ தான் பண்ணுவினம்” என்றும் சொல்லியிருந்தார். நான் நல்ல பிள்ளை. ‘ஆஸ்க்’ போட்டு, ஒரு ‘ப்ளீஸ்’ சேர்த்துச் சொன்னேன்.

சின்னதுரை சிரித்தார். என் ஆங்கிலத்தைப் பாராட்டிவிட்டு, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்.

“அவரு ஏன்டி சிரிக்கிறாரு? என்னான்னு சொன்ன?”

“தயவுசெஞ்சுன்னு கேட்டேம்மா.”

“கைமாத்து வாங்கவாடி வந்தோம்? திருப்பிச் சொல்லு!”

‘ப்ளீஸ்’ஸை விட்டுவிட்டு, ‘டிமாண்ட்’ போட்டு, உரக்கச் சொன்னேன். சின்னதுரையின் சிரிப்பு நின்றது. என்னைத் தாண்டி எங்கோ பார்த்தார். பிறகு, கூட்டை இன்றே எரிக்கவும் பெண்களைக் கீழ்மலைக்கு அனுப்பவும் உத்தரவிட்டார்.

பெருமையோடு திரும்பினேன். எனக்குப் பின்னால் அத்தனை பெண்களின் கூடைகளும் தரையில் கவிழ்ந்து கிடந்தன.

“ஏம்மா கூடையெல்லாம் கவுத்து வச்சிருக்காங்க?”

“மழத்தண்ணி வடியட்டும்னுதான்.”

நம்பினேன். ஒரே ஒரு சொல்லை மாற்றித் துரையை மடக்கியதாகப் பள்ளிக்கூடம் முழுக்க அளந்துகொண்டு திரிந்தேன். கூடையைக் கவிழ்த்தால் அன்றைக்கு வேலைக்கு இறங்க மாட்டார்கள் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்தத் தை மாதம் எங்கள் தோட்டத்தில் ஒரு சொட்டு மழைகூடப் பெய்யவில்லை.